காளியம்மாவுக்கு ஒரு நாற்காலி

ஈப்போ மகுடா கிராண்ட் ஹோட்டலில் நியாயத்துக்கென்று தனியாக ஒரு துறை இருக்கிறது. இரண்டாம் மாடியில், நீச்சல் குளத்தைப் பார்த்தபடி, நல்ல குளிரோடு இருக்கிறது. அது எப்படி உண்டானது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உண்மையில் அது காளியம்மா ஒரு நாற்காலி கேட்டதால் உண்டானது. இதை முறையாக, முதலிலிருந்தே சொல்லிவிடுவது நல்லது.

காளியம்மா கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவர். விருந்து மண்டபத்து நாற்காலிகளுக்குப் போர்த்துகிற வெள்ளை உறைகள்தான் அவருடைய முக்கியமான வேலை. கல்யாணம், பட்டமளிப்பு, காப்புறுதிக் கம்பெனிக் கூட்டம் என்று மேலே ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மேலே ஒருவர் உட்கார வேண்டுமென்றால் கீழே காளியம்மா ஓர் உறைக்கும் ஒரு ரிப்பனுக்கும் இஸ்திரி போட்டிருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. நாற்காலியும் கிடையாது. காலியான பிளீச் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, ரிப்பன் வேலை வரும்போது மட்டும் அதில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த வருஷம் அவருக்குக் கால் நரம்பு சுருண்டு வீங்கிவிட்டது. கிளினிக்கில் காட்டிவிட்டு வந்து தேவனிடம் சொன்னார். தேவன் சலவைப் பிரிவின் சூப்பர்வைசர். இரண்டு பேரும் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், அடுத்தடுத்த லயன் வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்தவர்கள்.

"டாக்டரு உக்காந்து வேல செய்யச் சொல்லிட்டாருண்ணே. வாளில உக்காந்தா முட்டி மடங்கி இன்னும் வீங்குது. ஒரு குருசி கெடச்சா போதும். கெடைக்கலன்னா தீவாளியோட வேலைய விட்டுறணும். வேற வழி இல்லலா."

"ஒரு குருசிதான? கேட்டுப் பாக்கிறேன்," என்றார் தேவன்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஹோட்டலில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. மண்டபத்துக்குப் பின்னால் உள்ள கிடங்கில் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேட்பதற்காக அவர் போன இடம் மனிதவளப் பிரிவு. அங்கே திவ்யதர்ஷினி என்ற இளம் மேனேஜர் புதிதாக வந்திருந்தார். காரைக்குடிப் பக்கத்துப் பூர்வீகம், கோலாலம்பூரில் படிப்பு, எல்லாரிடமும் கனிவு. தேவன் சொன்னதை அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அங்கிள், காளியம்மா ஆன்ட்டி உண்மையில நாற்காலி கேக்கல. அங்கீகாரம் கேக்குறாங்க. நாற்காலி வெறும் அடையாளம்."

"இல்லம்மா, கால் வலின்னுதான்..."

"வலின்னு அவங்க நெனைக்கிறாங்க, அங்கிள். இது ஊக்கப் பிரச்சினை."

தேவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெரிய வார்த்தைகள் கலந்து இவ்வளவு அன்பாக யாராவது பேசும்போது புரியவில்லை என்று சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. "ஆமாம்மா" என்று தலையாட்டினார். விஷயம் அங்கேதான் அவர் கையை விட்டுப் போனது.

மறுவாரம் அவரை மனிதவள இயக்குநர் நாச்சியப்பனின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நாச்சியப்பன் மூன்று நாட்டு ஹோட்டல்களில் இருந்தவர். பேசும்போது விரல்நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொள்வார்.

"மிஸ்டர் தேவன், நீங்க கேட்டது நியாயமான கோரிக்கை. அதனாலதான் அதை உடனே நிறைவேத்த முடியாது. யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்குக் குடுத்தா அது சலுகை. எல்லாருக்கும் குடுத்தா அது செலவு. யாருக்கும் குடுக்காம இருக்கறப்பதான் எல்லாரும் சமம். இப்ப இருக்கற நிலைமை கிட்டத்தட்ட பூரண நியாயம். அதுல நாம கை வைக்கறப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"அந்தம்மாவுக்குக் கால் வீங்கி இருக்கு, சார்."

"அதுக்காகத்தான் ஒரு துறையே தொடங்கறோம்."

அப்படித்தான் நியாயம் மற்றும் ஊழியர் ஊக்கத் துறை உண்டானது. திவ்யதர்ஷினி அதற்குத் தலைவியானார். துறைக்கு வேண்டிய மேசையும் சக்கர நாற்காலிகளும் அன்றைக்கே வந்து இறங்கின. தேவன் நியாயத் தூதராக நியமிக்கப்பட்டார். சட்டையில் குத்திக்கொள்ள நீல நிற வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதில் தராசு ஒன்றும், அதன் இரண்டு தட்டிலும் சிரிக்கிற முகங்களும் இருந்தன.

முதல் கூட்டத்தில் தேவன் உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றார். "உக்காருங்க அங்கிள், இங்க எல்லாரும் ஒண்ணு," என்று திவ்யதர்ஷினி கையைப் பிடித்து உட்கார வைத்தார். நாற்காலி மெத்தென்று இருந்தது. முதுகைச் சாய்த்தால் அதுவும் கூடவே சாய்ந்தது. இயக்குநர் உள்ளே வந்தபோது தேவன் சட்டென்று எழுந்துவிட, நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. மூன்றாவது கூட்டத்தில் பாதி எழுந்தால் போதும் என்று பழகிக்கொண்டார். ஐந்தாவது கூட்டத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், உட்கார்ந்த இடத்திலேயே தலையை மட்டும் அசைத்தார்.

முதல் வேலையாக நியாயத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். 'நாற்காலி இல்லாதது உங்கள் கனவுகளைப் பாதிக்கிறதா?' என்று கேட்டிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பதிலுக்கு முகங்களை வரைந்திருந்தார்கள்: அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை. சலவைப் பிரிவில் எல்லாருமே சிரிக்கிற முகத்தில் கோடு போட்டிருந்தார்கள். காளியம்மாவும்தான்.

"ஏன் காளியம்மா, அழுவுற மூஞ்சிலதான போட்டிருக்கணும்?"

"தீவாளி நெருங்குற நேரத்துல போயி அழுவுற மூஞ்சில பேர எழுதிக் குடுக்கச் சொல்றீங்களாண்ணே? நல்லாவா இருக்கும்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. தேவன் தாள்களை அடுக்கிக்கொண்டு மேலே போனார். சலவைப் பிரிவு ஹோட்டலிலேயே அதிக ஊக்கம் உள்ள பிரிவு என்று முடிவு வந்தது. கீழ்த்தளத்துக்கு ஒரு கேக் அனுப்பினார்கள். அதை நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

கேக்கைப் படம் எடுக்க வந்தபோதுதான் திவ்யதர்ஷினி வாளியைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. "அங்கிள், இதிலயா உக்காருறாங்க? இது மனுஷ கண்ணியத்துக்கே இழுக்கு." அவர் கண் நிஜமாகவே கலங்கியது. அன்று மத்தியானமே கண்ணியத்தை முன்னிட்டு வாளியை எடுத்துப்போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றின் படம். அடியில் 'நிமிர்ந்து நிற்போம், ஒன்றாய் நிற்போம்' என்று எழுதியிருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் காளியம்மா வாளி இருந்த இடத்துக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு இஸ்திரி மேசையின் காலில் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதே குன்றின் அடிவாரத்தில், குனோங் ராபாட்டில் உள்ள தன் வீட்டில் தேவன் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் மனைவி விமலா மீன் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, கடையில ஒரு பிளாஸ்டிக் குருசி வாங்கிக் கொண்டுபோயிப் போட்டா என்ன? அதுக்கு ஒரு டிபார்ட்மெண்ட்டு, ஒரு பேட்ச்சு. குத்திக்கிட்டு வந்துட்டாரு, சுல்தானே குடுத்த மாதிரி."

தேவனுக்குச் சுருக்கென்றது. மறுநாளே சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். ஹோட்டலின் பின்வாசலில் காவலர் சின்னையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன மச்சான் இது?"

"குருசிலா. தெரியல?"

"தெரியுது. வெளிச் சாமான் உள்ள போவணும்னா நியாயத் துறை கையெழுத்து வேணுமாம். போன வாரந்தான் சர்க்குலர் வந்துச்சு. கீழ ஒன் பேருதான் இருக்கு, நியாயத் தூதர்னு."

"அப்ப நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"சொந்தச் சாமானுக்குச் சொந்தக் கையெழுத்துப் போட்டா அது நியாயம் இல்லியாம். அதுவும் சர்க்குலர்ல இருக்கு. சூசாலா மச்சான், ரொம்பக் கஷ்டம். இங்க வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

சின்னையா சொன்ன சொல் தவறாதவர். அன்று முதல் அந்த நாற்காலியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அதன் மேல் உட்கார்ந்து.

தீபாவளிக்கு முந்தின மாதம் நியாயத் துறை ஒரு பெரிய முடிவுக்கு வந்தது. சலவைப் பிரிவில் ஒரு சோதனை நாற்காலி வைத்துப் பார்ப்பது. ஊழியர்களுக்கு நாற்காலி நிஜமாகவே தேவையா, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் கவனிப்பது. கவனிக்க இயக்குநரே வருகிறார் என்றார்கள். தேவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே ஓடிப்போய்க் காளியம்மாவிடம் சொன்னார்.

"நாளைக்கு குருசி வருது. வந்ததும் போயி உக்காந்துரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம். உக்காந்து நீ பாட்டுக்கு ரிப்பனைத் தேய்ச்சிக்கிட்டு இரு."

"சரிண்ணே. அதென்ன பெரிய வேலையா?"

மறுநாள் காலையில் நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். கால்களில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. காளியம்மா அதைச் சுற்றிப் பார்த்தார். உட்காருவதற்காகக் கைப்பிடியைத் தொட்டார். அப்போது லிஃப்ட் திறந்து நாச்சியப்பன் வந்தார். பின்னால் திவ்யதர்ஷினியும் கேமராக்காரரும் வந்தார்கள்.

இஸ்திரிப் பெட்டிகள் நின்றன. எல்லாரும் மேசையை விட்டு ஓரடி பின்னால் வந்து, கையைக் கோத்து வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது துரை வந்தால் அப்படித்தான் நிற்பது. காய்ச்சலோடு வந்தவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் துரை போகிற வரைக்கும் நிற்பார்கள். அந்தத் தோட்டத்தில் இன்றைக்கு ரப்பரும் இல்லை, துரையும் இல்லை, லயனும் இல்லை. நிற்பது மட்டும் இருந்தது.

"நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோங்க," என்றார் நாச்சியப்பன். "இயல்பா இருங்க. உக்காரணும்னா உக்காருங்க."

யாரும் அசையவில்லை. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார். கீழ்த்தளத்துச் சூட்டில் அவருக்கு வேர்த்தது. அவர் நிற்பதையும் நாற்காலி சும்மா கிடப்பதையும் காளியம்மா பார்த்தார். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டித் துடைத்து, அவர் முன்னால் இழுத்துப் போட்டார்.

"நீங்க உக்காருங்க, சார். எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?"

நாச்சியப்பன் நெகிழ்ந்துபோனார். உட்கார்ந்தார். சோதனை முடிகிற வரைக்கும் எழவில்லை. காளியம்மா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்று உறைகளைத் தேய்த்தார். கேமராக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

போகும்போது நாச்சியப்பன் தேவனின் தோளில் கை வைத்தார்.

"மிஸ்டர் தேவன், நீங்க இவங்கள்ல ஒருத்தர். நீங்களே சொல்லுங்க. நாற்காலி கண்ணு முன்னாலேயே இருந்துச்சு. ஏன் யாரும் உக்காரல?"

தேவனுக்குப் பதில் தெரியும். நீங்கள் இருந்ததால்தான் உட்காரவில்லை என்பதுதான் பதில். மூன்றே வார்த்தை. காளியம்மா இஸ்திரியை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கை இன்னும் அவர் தோளிலேயே இருந்தது. கை கனமானது அல்ல, மோதிரம்கூடச் சின்னதுதான்.

"பழக்கம்லா, சார்," என்றார் தேவன். "அவங்களுக்கு நின்னுதான் பழக்கம்."

இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் மறுபடி கேட்டது.

அந்த வாசகம் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில், தேவனின் படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில் வந்தது. நாற்காலி முழு நேரமும் பயன்பட்டது என்றும், ஆனால் ஊழியர்கள் அதை விரும்பவில்லை என்றும், நிற்பதே அவர்களுடைய ஊக்கத்தின் ஊற்று என்றும் அறிக்கை சொன்னது. தனக்குக் கிடைத்த ஒரே நாற்காலியை நிர்வாகத்துக்கு மனமுவந்து அளித்த காளியம்மாவுக்கு 'விருந்தோம்பல் மாணிக்கம்' பட்டம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதையெல்லாம் கொண்டாட மண்டபத்தில் ஒரு நியாய விழா வைத்தார்கள்.

நியாய விழாவுக்கு மண்டபத்து நாற்காலிகள் அத்தனைக்கும் உறை போட வேண்டியிருந்தது. விருந்தாளிகள் நிறையப் பேர். காளியம்மா அந்த வாரம் முழுக்கத் தேய்த்தார். தேவன் கீழே போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் காளியம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"என்னண்ணே, பேட்ச்சக் காணோம்? தொலைச்சிட்டீங்களா? குத்திக்கிங்க, ஒங்களுக்கு நல்லாத்தான இருக்கு."

கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. கேலியாக இருந்தால் பரவாயில்லை என்று தேவனுக்குத் தோன்றியது.

விழாவன்று அவர் பேச வேண்டும். திவ்யதர்ஷினி எழுதித் தந்திருந்தார். அதன் கடைசியில் தன்னுடைய வாக்கியம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது என்று தேவன் முடிவு செய்தார். 'காளியம்மாவுக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு நாற்காலி வேண்டும்.' குனோங் ராபாட்டிலிருந்து வருகிற வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டுக்குள் அது கணீரென்று ஒலித்தது.

மண்டபம் வெள்ளைவெளேரென்று இருந்தது. மேசைகளைச் சுற்றி விருந்தாளிகள். ஊழியர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். விழா அவர்களுக்காக என்பதால் அவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. மேடையில் நாலு நாற்காலி. ஹோட்டல்காரர்கள் சங்கத்திலிருந்து வந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர், இயக்குநர், திவ்யதர்ஷினி, கடைசியில் தேவன்.

நாச்சியப்பன் முதலில் பேசினார்.

"நம்ம ஹோட்டல்ல மேல் கீழ்ங்கறதே கிடையாது. அது சும்மா மாடிக் கணக்கு. எங்க ஆய்வுல ஒரு உண்மை தெரிஞ்சுது. தொழிலாளிக்கு என்ன வேணும்னு அவங்களைக் கேட்டா பதில் வராது. அவங்க முன்னால போயி உக்காந்து பார்க்கணும். நான் உக்காந்தேன். அந்த நாற்காலியில உக்காந்தப்பதான் உழைப்போட சுகம் எனக்கே புரிஞ்சுது."

கைதட்டல். அடுத்து தேவன். எழுதித் தந்ததைத் தப்பில்லாமல் படித்தார். தன் வாக்கியத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து இயக்குநர் கை தட்டினார். மண்டபமே தட்டியது. அந்தச் சத்தத்தில் தேவன் தாளை மடித்தார். மடித்த தாளோடு வந்து உட்கார்ந்தார். சத்தம் அடங்கிய பிறகும் எழுந்து சொல்லியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதுதான் பிறகு அவரை அதிகமாக அறுத்தது.

காளியம்மாவைக் கூப்பிட்டார்கள். புதுச்சேலை கட்டியிருந்தார். மேடைப் படியில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நாச்சியப்பன் உணர்ச்சி வசப்பட்டு எழுந்தார். டத்தோ எழுந்தார். எழாமல் இருக்க முடியுமா, மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. கண்ணாடியில் செய்த கனமான கேடயம் ஒன்றைக் காளியம்மாவின் கையில் கொடுத்தார்கள். அந்த மண்டபத்தில் அப்போது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன.

காளியம்மாவின் கால் மடங்கியது. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் எது இருந்ததோ அதில் உட்கார்ந்துவிட்டார். அது தேவனின் நாற்காலி.

கைதட்டல் அங்கங்கே விட்டுவிட்டு நின்றது. எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். மேடையில் தேவன் மட்டும் நின்றார். நிற்பது அவருக்கு அந்த நேரத்தில் எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"இரு காளியம்மா. கொஞ்ச நேரம் உக்காந்திரு."

"உக்காந்துட்டேண்ணே. போதும்," என்றார் காளியம்மா. குரலில் கோபம் இல்லை. "தீவாளி வரைக்கும் இழுக்க முடியாது போலருக்கு. நாளையிலேர்ந்து வரல. ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் மேல ஏறி வந்தேன்."

தேவன் வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் இன்னும் அப்படியே உள்ளே இருந்தது.

"அங்கிள்," என்று பக்கத்திலிருந்து திவ்யதர்ஷினி மெல்லக் கூப்பிட்டார். "ஃபோட்டோ எடுக்கணும். உங்க சீட்ல நீங்க உக்காருங்க. ஆன்ட்டி நடுவுல நிக்கட்டும், அதுதான் அழகா இருக்கும்."

நாச்சியப்பன் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காருங்கள் என்பது போல் லேசாக அசைத்தார்.

தேவன் என்ன செய்வார் என்று தெரிவதற்கு முன்பே காளியம்மா எழுந்துவிட்டார். கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தான் உட்கார்ந்ததால் உறையில் விழுந்திருந்த சுருக்கத்தைப் பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் இழுத்து நீவிவிட்டார். நீவி முடித்து ஒரு தரம் சரிபார்த்தார்.

"உக்காருங்கண்ணே," என்றார்.

தேவன் உட்கார்ந்தார். உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. துணி மட்டும் இன்னும் சூடாக இருந்தது.